நாச்சம்மாளின் தோள் உயரம்

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கோபியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ரூம் கிடைத்துவிட்டது, மெஸ்ஸில் சோறு குழைந்துபோகிறது, ஆபீசில் எல்லாரும் உன்னை 'இன்ஜினியர் தம்பி' என்று கூப்பிடுகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். வாசித்துச் சந்தோஷப்பட்டேன். எதிர்வீட்டுக்காரரிடம் வாசித்தும் காட்டினேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் மேலே வாசிக்கச் சொன்னார். கண்ணாடி சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், ஓரத்தில் தடையாக நிற்பதையெல்லாம் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள், ஒரே நாளில் சைக்கிளில் போய் முடித்துவிட்டேன், பாத்தியதை என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர்கூட வரவில்லை, மேலதிகாரி தட்டிக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டியலில் மூன்று சுமைதாங்கிக் கல். 'இந்தக் காலத்தில் யாரப்பா தலைச்சுமை சுமக்கிறார்கள்' என்று பக்கத்தில் ஒரு வரி வேறு. இதே வரியை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்போது உனக்குப் பதினொரு வயது. நீ என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் வாயில் வந்தது உன் கையெழுத்தில் வந்து நிற்பதைப் பார்த்துத்தான் வாசிப்பதை நிறுத்தினேன்.

உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். அவளே உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. இனி சொல்வதற்கு நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், எனக்கும் அறுபதை நெருங்குகிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துச் சொல்லத்தான் வரும், பொறுத்துக்கொள்.

வருஷா வருஷம் ஆடி அமாவாசையன்று நம் வீட்டுக்கு ஒரு பெரியவர் வருவாரே, அவரிடமிருந்து தொடங்குகிறேன். கூடை நிறைய அவரைக்காய், புடலங்காய், ஒரு சீப்பு கதளிப்பழம் கொண்டுவந்து இறக்குவார். உன் அம்மா இலை போட்டு அவருக்குச் சாப்பாடு வைப்பாள். நீ அவரை 'தோட்டத்து அப்புச்சி' என்று கூப்பிடுவாய். உன் அம்மாவைப் பெற்றவர் பல்லடத்துக்காரர், அவரையும் அப்புச்சி என்றுதான் கூப்பிட்டாய். ஒருத்தனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா எப்படி இரண்டு பேர் இருக்க முடியும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் இதை மட்டும் எப்படி விட்டான் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அவர் போன மாதம் காலமாகிவிட்டார். நீ கோபிக்குப் போன நாலாவது வாரம். புது வேலை, லீவு கேட்டுச் சங்கடப்படுவாய் என்று உனக்கு எழுதவில்லை. அது பாதி உண்மைதான். நீ வந்திருந்தால் அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள் என்ற பயம்தான் மீதிப் பாதி. அவர் பெற்ற மகளின் பெயர் நாச்சம்மாள். உன் அம்மாவுக்கு முன்னால் நான் தாலி கட்டியவள்.

கவுண்டம்பாளையம் தாண்டி அவர்களுடைய தோட்டம். கல்யாணத்துக்கு முன்னால் நாச்சம்மாள் தினமும் விடியற்காலையில் மற்றப் பெண்களோடு சேர்ந்து தலையில் காய்கறிக் கூடையை வைத்துக்கொண்டு கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு நடப்பாள். மேட்டுப்பாளையம் ரோடு ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வளைவு இருந்தது. அங்கே வருவதற்குள் கழுத்து இற்றுப்போகும், கூடையை இறக்கிவைக்கத்தான் ஆசை, இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டுமே என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அப்போது மில்லில் வேலை. எங்கள் குடித்தனம் ஒன்றரை வருஷம். அவள் உண்டாகி எட்டாம் மாதம், அவளைப் பெற்றவர்கள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தோட்டத்திலிருந்து ஆள் வந்தான். 'அம்மணிக்குக் கால் வீங்கிக் கெடக்குதுங்க, தலைவலி தாங்கலீங்கறாங்க, உங்களை ஒருக்கா வந்து பாக்கச் சொன்னாங்க' என்றான். கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது வழக்கம்தானே என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வார லீவு, அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஞாயிறு காலையில் போய்ச் சேரும்போது தோட்டத்து வாசலில் கூட்டம் நின்றது. முந்தின நாள் ராத்திரி ஜன்னி கண்டு, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். என்னை யாரும் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை, மில்லு வேலையாச்சே' என்றார். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கி நடுவது நம் பக்கத்து வழக்கம். காலேஜில் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமல் கொண்டுபோன பாரம் தீரட்டும் என்று, இரண்டு கல்லை நட்டு, அவள் பெயர் வெட்டிய ஒரு பலகைக் கல்லை மேலே படுக்கவைப்பார்கள். ரோட்டில் போகிறவர்கள் தலைச்சுமையை யார் துணையும் இல்லாமல் அதன்மேல் இறக்கிவைத்து, ஆறி, திரும்ப அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாமனார் அந்தக் கல்லைத் தன் ஊரில் நடவில்லை. மகள் சொன்ன அந்த வளைவில் நட்டார். கல் தச்சன் வழக்கப்படி ஆண்பிள்ளை உயரத்துக்குக் கல் அடிக்க வந்தபோது, 'எம்பொண்ணு தோளுக்கு வரோணும், அதுக்கு மேல ஒரு விரக்கடை வேண்டாம்' என்று தன் நெஞ்சில் கையை வைத்து அளவு காட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அதனால் அந்தக் கல் மற்றச் சுமைதாங்கிகளைவிடக் கொஞ்சம் குட்டை. மூட்டை தூக்குகிற ஆண்கள் குனியவேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பார்கள். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்களுக்கு அது அவர்களுக்கென்றே வைத்ததுபோல இருந்தது. மாசி மாதத்தில் காரமடைத் தேருக்கு நடந்துபோகிற கூட்டமும் அங்கே நின்று மூட்டையை இறக்கி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நகரும்.

பிறகு ஊர் அதை எடுத்துக்கொண்டது. அந்த வளைவுக்கே 'சுமைதாங்கி' என்று பெயர் ஆகிவிட்டது. டவுன் பஸ் வந்ததும் கண்டக்டர் 'சுமதாங்கி எறங்கு' என்று கத்த ஆரம்பித்தான். ஒரு ராவுத்தர் அதை ஒட்டி இரும்புச் சாமான் கடை போட்டார். வாளி, தாம்புக்கயிறு, கீல், தாழ்ப்பாள். கல்யாணப் பத்திரிகையில் விலாசம் போடும்போதுகூட 'சுமைதாங்கி எதிரில்' என்று அச்சடித்தார்கள். எனக்கு அது ஒவ்வொரு நாளும் தண்டனையாக இருந்தது. என்னைத் தவிர ஊரில் எல்லாருக்கும் அது ஒரு ஸ்டாப். மில் வேலையை விட்டு ரோடு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்த பிறகும், உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு காந்திபுரத்தில் குடிவந்த பிறகும், அந்த வளைவைத் தாண்டும்போது சைக்கிளில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் போவேன். பதினாறு வருஷம் ஒருநாள்கூட அங்கே இறங்கி நின்றதில்லை. மாமனார் மட்டும் ஆடி அமாவாசைக்கு வந்து அங்கே இலை போட்டுப் படைத்துவிட்டு, அங்கிருந்து நம் வீட்டுக்கு வருவார்.

அந்த ரோட்டை அகலப்படுத்தும் காண்ட்ராக்ட் எங்களுக்கு வந்தது. பட்டியல் எடுப்பது என் வேலை. யாருக்காவது பாத்தியதை இருக்கிற கல்லோ கோயிலோ குறுக்கே இருந்தால் அதைத் தனியாக எழுதவேண்டும், அவர்களைக் கூப்பிட்டுப் பேசி வேறு இடத்தில் எடுத்துவைக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் பிடித்தாலும் பிடிக்கும். நான் சுண்ணாம்பு டப்பாவோடு போய் அந்தக் கல்லில் ஒரு கோடு இழுத்தேன். கல் முழுக்கச் சினிமா போஸ்டரும் எலெக்ஷன் போஸ்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரு விரல் கனத்துக்கு ஏறிப்போயிருந்தது. ராவுத்தர் கடையிலிருந்து எழுந்து வந்தார். என்னை அவருக்குத் தெரியாது.

'ஏனுங்க, இந்தக் கல்லையும் எடுக்கறீங்களா?' என்றார்.

'ரோடு அகலமாவுது பாய். பஸ்ஸும் லாரியும் வந்தப்பறம் யாருங்க தலைச்சுமை சொமக்கறாங்க? இதுக்குப் பாத்தியதைன்னு யாராச்சும் இருக்கறாங்களா?'

'இருக்கறாங்களே! கவுண்டம்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவருங்க. அவரு பொண்ணு வயித்துப் புள்ளையோட போயிருச்சு. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு வந்து சோறு வெச்சுப்போட்டுத்தான் போவாரு. அப்பறம் காந்திபுரத்துப் பக்கமிருந்து ஒரு அம்மணி வருவாங்க. அமாவாசை தவறாது. போஸ்டர் ஒட்டாத எடமாப் பாத்து மஞ்சளைத் தடவிப்போட்டு, செத்த நேரம் நின்னுட்டுப் போவாங்க. என்ன ஒறவுன்னு நான் கேட்டதில்லீங்க.'

என் வாய் சும்மா இருக்கவில்லை. 'அந்தப் பொண்ணோட புருஷன்?' என்று கேட்டேன்.

'எங்கியோ இருக்கறானாமுங்க. ஒருக்காக்கூட இங்க வந்து பாத்ததில்லை. ஆனா அந்தப் பெரியவரு மாப்பிள்ளைய விட்டுக்குடுக்க மாட்டாருங்க. வேலை சாஸ்தி, லீவு கெடைக்காதுங்கறாரு.' பிறகு என்னைப் பார்த்து, 'பெரியவருக்கு ஆள் அனுப்பட்டுங்களா?' என்றார்.

'வேண்டாம் பாய், நானே சொல்லிப்போடறேன்' என்றேன். அன்று சாயந்திரம் பட்டியலில் அந்தக் கல்லுக்கு நேராக 'எழுத்து எதுவும் தெரியவில்லை, பாத்தியதை கோர ஆள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் பாதி பொய் இல்லை பார். போஸ்டரைச் சுரண்டவில்லை, எழுத்துத் தெரியவில்லை. இரண்டாம் பாதி முழுப் பொய். இத்தோடு முடிந்தது, இனி எவனும் அந்தப் பெயரைக் கத்தமாட்டான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. உன்னிடம் இதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை.

கல்லைச் சாய்த்த அன்றைக்கு வேறொன்று நடந்தது. நட்ட கல் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். படுத்திருந்த பலகைக் கல்லை உடைத்து ரோட்டுக்கு அடியில் போடவேண்டும். கல் உடைக்கிற ஆட்கள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். 'இது வயித்துக்காரி கல்லுங்க. வேற கல்லைக் காட்டுங்க, நாள் பூராவும் ஒடைக்கறோம்' என்றாள் ஒருத்தி. கூட இருந்தவர்களும் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சம்மட்டியை நான் எடுத்தேன். மூன்றாவது அடியில் போஸ்டர் கிழிந்து அவள் பெயர் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை, கண்ணு. உடைந்து முடிகிற வரைக்கும் அடித்தேன். ராவுத்தர் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், ரோட்டில் இருந்த அந்தக் கல்லை எடுத்தாகிவிட்டது என்று. மூத்தாள் கல் எடுபட்டதில் அவளுக்கும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன் பார், அவ்வளவுதான் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். 'நீங்களா எடுத்தீங்க?' என்றாள். ஆமாம் என்றேன். அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். உனக்கு முன்னால் அவளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவது தடவை உண்டானபோது தனியாக அந்த வளைவுக்குப் போய், மஞ்சள் பூசி, 'அக்கா, உம்புள்ளைய எனக்குக் குடு' என்று கேட்டாளாம். நீ பிறந்தாய். அதன்பிறகு அமாவாசை தவறாமல் போயிருக்கிறாள். ராவுத்தர் சொன்ன காந்திபுரத்து அம்மணி அவள்தான்.

'என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்றேன்.

'நீங்க போவாததுனாலதானுங்க நான் போனேன்' என்றாள்.

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை, எனக்குச் சோறு போடாமல் விடவும் இல்லை. ஆனால் சாகும்வரை அந்த ரோட்டில் கால்வைக்கவில்லை. காரமடைத் தேருக்குப் பஸ்ஸில் போகலாம் என்று நீ ஒவ்வொரு வருஷமும் அடம்பிடிப்பாயே, ரயிலில்தான் போகவேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் குமட்டுகிறது என்று உன்னிடம் சொன்னாள். அவளுக்கு எந்த பஸ்ஸிலும் குமட்டியதில்லை. அவள் அந்தக் கல்லிடம் கேட்டுத்தான் நீ பிறந்தாயா, நான் அதை நம்புகிறேனா என்று என்னிடம் கேட்காதே. அவள் நம்பினாள், அதைத்தான் நான் உடைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஆடி அமாவாசை வந்தது. மாமனார் கூடையோடு நேராக நம் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு வருத்தம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 'ரோட்டுல கல்லைக் காணலைன்னதும் பதறிப்போச்சுங்க. அப்பறம் நீங்கதான் அங்க சூப்பர்வைசருன்னு சொன்னாங்க. மனசு குளுந்துருச்சுங்க. மாப்பிள்ளை இருக்கறப்ப எனக்கென்ன கவலை? கல்லை எங்கீங்க பத்தரமா எடுத்து வெச்சிருக்கீங்க?' என்றார். ரோடு வேலை முடியட்டும் மாமா, வேறு இடம் பார்த்து வைக்கிறேன் என்றேன். 'ஆவட்டுங்க, அவசரமில்லீங்க' என்றார். அந்த வருஷம் படையலை நம் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, தானே தண்ணீர் தெளித்து இலை போட்டார். உன் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு அப்புச்சி சோறு என்று கேட்டாய். 'உனக்கு ஒரு பெரியம்மா இருந்துச்சு கண்ணு' என்று அவர் ஆரம்பித்தார். நான் உன்னைக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரே ஒருமுறை கேட்பார்: 'கல்லு...?' நான் 'பாத்துட்டிருக்கேன் மாமா' என்பேன். 'பாருங்க, பாருங்க' என்று போய்விடுவார். பதினொரு வருஷம். ஒரு வருஷமாவது குரலை உயர்த்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்குள் அந்த வளைவே நேராகிவிட்டது. கொஞ்ச நாள் கண்டக்டர்கள் பழைய பெயரையே சொன்னார்கள். பிறகு புதுக் கண்டக்டர்கள் வந்தார்கள், பவுண்டரி ஒன்று வந்தது, இப்போது அது பவுண்டரி ஸ்டாப். ராவுத்தர் கடையைக் கோட்டைமேட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நாம் குடியிருக்கிற காந்திபுரத்தில் வீதிக்கு நம்பர்தான் பெயர், அதனால் உனக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒரு இடத்தின் பெயர் மாறினால் என்ன என்று நீ கேட்கலாம். பதினாறு பதினேழு வருஷம் முன்பின் தெரியாத ஜனங்கள் அவளைச் சொல்லி இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் இந்த ஊர்க்காரியாக இருந்தாள். இப்போது இல்லை.

போன மாதம் தோட்டத்திலிருந்து ஆள் வந்தான். இந்தத் தடவை உடனே போனேன். மாமனார் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். அவர் மகன், நாச்சம்மாளின் தம்பி கந்தசாமி, தலைமாட்டில் நின்றான். பெரியவர் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டு, 'கல்லு வெச்சாச்சுங்களா மாப்பிள்ளை?' என்றார்.

'வெச்சாச்சுங்க மாமா.'

'எங்கீங்க?'

'பழைய எடத்துக்கு எதுத்தாப்பல, வேப்பமரத்தடியில.'

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். 'அதே ஒசரமுங்களா?'

'அதே ஒசரந்தானுங்க.'

கந்தசாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாம் நாள் உயிர் பிரிந்தது. சாகிற மனிதனுக்கு நிம்மதி கொடுத்தேன் என்று யாராவது சொல்லலாம். நான் அப்போது அவர் நிம்மதியை நினைக்கவில்லை. என் தலை தப்பினால் போதும் என்று இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் கந்தசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அய்யன் போறப்ப உங்களாலதான் மனசு ஆறிப் போச்சுங்க மாமா. இந்த அமாவாசைக்கு நாங்க குடும்பத்தோட வாரோமுங்க. அக்கா கல்லுல அய்யனுக்கும் சேத்துப் படைச்சர்லாம்' என்றான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

முந்தாநாள் ஒரு கல் தச்சனிடம் போனேன். பத்து நாளில் ஒரு சுமைதாங்கி அடித்து நட்டுவிடலாம், புகை காட்டி மஞ்சள் பூசினால் பழைய கல்போல இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். 'ஒசரம் எவ்வளவுங்க?' என்று கேட்டான். நான் எழுந்து நின்று நெஞ்சில் கையை வைத்தேன். கொஞ்சம் மேலே வைத்தேன். பிறகு இறக்கினேன். அவள் தோள் என் உடம்பில் எதுவரை வரும் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. ஒன்றரை வருஷம் பக்கத்தில் நின்றவள். அவளைப் பெற்றவருக்கு அது தெரிந்திருந்தது, அவரும் போய்விட்டார். தச்சன் அளவெடுக்கச் சணலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் பவுண்டரி ஸ்டாப்பில் இறங்கி அந்த இடத்தையாவது பார்த்துவைக்கலாம் என்று தேடினேன். அந்த ரோட்டை அடி அடியாக அளந்தவன் நான். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. அங்கே வேப்பமரமும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். உன் பட்டியல் அமாவாசை கழிந்து வருகிற திங்கட்கிழமைதான் மேலே போகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் அந்த மூன்று கல்லுக்கும் திரும்பப் போ. சைக்கிளில் போகாதே, நடந்து போ. போஸ்டரையும் சுண்ணாம்பையும் சுரண்டிப் பார். சந்தை நாளில் ஒருமுறை போய் நில், அமாவாசை காலையில் ஒருமுறை போய் நில். டீக்கடையில் கேள், வயசான பெண்களிடம் கேள். ஆபீசில் உட்கார்ந்து, யாரும் வரவில்லையே என்று சொல்லாதே. மகளைப் பறிகொடுத்தவன் உன் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டா உட்கார்ந்திருப்பான்? மூன்றில் ஒன்றுக்காவது ஆள் கிடைத்தால் அவரோடு நின்று, அவர் சொல்கிற இடத்தில், அவர் சொல்கிற உயரத்தில் எடுத்துவை. வேலை தாமதமாகிறது என்று மேலதிகாரி திட்டினால் திட்டு வாங்கிக்கொள். நிஜமாகவே யாரும் இல்லை என்றால் அப்போது எழுது.

என் விஷயத்தை நான் முடிவு செய்துவிட்டேன். கல் அடிக்கச் சொல்லப்போவதில்லை. அமாவாசையன்று காலை முதல் பஸ்ஸில் கந்தசாமி பெண்டு பிள்ளைகளோடு வருகிறான். நான் ஸ்டாப்பில் நின்று, அவர்கள் கூடையை இறக்குவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன், கல் இல்லை, நான்தான் உடைத்தேன், உன் அய்யனிடம் சொன்னதும் பொய் என்று. கந்தசாமி முன்கோபக்காரன். நடுரோட்டில் என்னைக் கைநீட்டி அடித்தாலும் அடிப்பான்.

நீ அன்றைக்கு லீவு போட்டுக்கொண்டு வந்துவிடாதே. தன் அய்யனை அப்புச்சி என்று கூப்பிட்ட பையன் என்று உன்மேல் அவனுக்கு உயிர். நீ பக்கத்தில் நின்றால், உன் முகத்துக்காக என்னை விட்டுவிடுவான்.

அப்பா